கோட்டுக்குக் கீழே

அறங்காவலர் குழுவின் முன்னால்
எனக்குப் பன்னிரண்டு நிமிடம்.
மேற்குக் கன்சாஸ், பிப்ரவரி.
மாட்டுப்பட்டி வாடையோடு வந்த காற்று
ஜன்னல் ரப்பரைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

குழுத் தலைவர் லைல் புர்க்ஹார்ட், கோதுமைக்காரர்,
சட்டைக் கையை மடித்து
பக்கத்து நாற்காலிக்குக் காட்டுகிறார்:
முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும்.
"காலையில் ரத்தம் எடுத்தார்கள்.
ஒரே குத்து. குத்தியதே தெரியவில்லை."

ஒரு வளாகத்தில் நடக்கும் திட்டம்
ஐந்துக்குப் போக வேண்டும்.
படம் ஒன்று: நீலப் பட்டை ஏறுகிறது.
படம் இரண்டு: நூறு பேர் சேர்ந்தால்
மூன்றாண்டில் முடிப்பவர்
முன்பு இருபத்தெட்டு, இப்போது நாற்பத்தொன்று.

"மீதி ஐம்பத்தொன்பது?" என்கிறார் லைல்.

நல்ல கேள்வி.
படம் மூன்றில் பட்ஜெட்தான் இருக்கிறது.

திட்டம் என்று பெயர் வருவதற்கு முன்
அது ஒரு பார்க்கிங் அபராதம்.
நாற்பத்து மூன்று டாலர்.
அது பாக்கி என்று
ஹோதான் வர்சமேயின் பெயரை
அடுத்த பருவத்துக்குப் பூட்டியிருந்தது கணினி.
இரவெல்லாம் இறைச்சி ஆலையில் கத்தி,
காலை எட்டுக்கு உடற்கூற்றியல்.
தோள்மூட்டு எங்கே கழலும் என்று
அவள் மணிக்கட்டுக்குத் தெரியும்,
லத்தீன் பெயர்தான் பாக்கி.
அவள் அழவில்லை. உதவியும் கேட்கவில்லை.
"எந்த ஜன்னலில் கட்டுவது?" என்றாள்.
அவள் தூங்கி எழும்போது
எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும்.

நான் செய்த முதல் சீர்திருத்தம்
ஒரு ஜன்னலை இரவு ஏழுவரை திறந்து வைத்தது.
அதற்கு ஆனது எட்டு மாதம், நான்கு கூட்டம்,
யாரிடம் இருக்க வேண்டும் என்று
கடைசிவரை முடிவாகாத ஒரு சாவி.

பிறகு பெட்ரோல் அட்டை.
பிறகு பிள்ளைகளை விட்டுப்போக ஓர் அறை.
பிறகு நன்கொடை, நன்கொடைக்குப் பின்னாலேயே படிவம்.
படிவத்தில் ஒரு கட்டம்: வெற்றி. ஆம், இல்லை.

நூற்றிருபது பேர் இருந்தபோது
அவர்கள் கார்களை எனக்குத் தெரியும்,
எது தள்ளினால்தான் கிளம்பும்,
எதில் குழந்தை இருக்கை இரண்டு.
இனி இரண்டாயிரத்து அறுநூறு.
புதிதாய்ச் சேர்ந்த ட்ரென்ட் ஓஸ்லருக்கு
நான் எழுதித் தந்திருப்பது ஆறு வாக்கியம்:
"உங்களைக் காணவில்லையே என்று அழைத்தேன்..."
தரக் கட்டுப்பாட்டுக்காகப் பதிவைக் கேட்டேன்.
இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்திவிட்டு
இருபது நிமிடம்
பழைய கியர்பாக்ஸ் எங்கே மலிவு என்று பேசியிருக்கிறான்.
'எழுதியதைப் பின்பற்றினாரா?'
இல்லை என்று குறித்தேன். குறிக்கத்தான் வேண்டும்.
அந்த மாணவர் திங்கட்கிழமை வந்தார்.
இரண்டு வாரம் வந்தார்.
பிறகு வரவில்லை.

பின்னத்தில் மேலே தொகுதி, கீழே பகுதி.
தொகுதிக்கு வர முடியாதவர்
பகுதியை விட்டுப் போகவும் முடியாது.
நடுவில் ஒரு கோடு,
அதைப் பென்சிலால் போட்டவர் யாரோ.

ஹோதான் இரண்டு முறை நின்றாள்,
ஒரு முறை பிரசவம், ஒரு முறை ஆலையில் விரல்.
முடித்தது ஆறாம் ஆண்டு.
படிவம் மூன்றோடு கண்ணை மூடிக்கொள்ளும்.
எதற்காக இத்தனையும் தொடங்கியதோ
அவளே எங்கள் கணக்கில் 'இல்லை'.

இந்த ஊருக்கு ஆஸ்பத்திரி ஒன்று.
காலை ஷிப்டில் ரத்தம் எடுப்பவள் ஒருத்தி.

மாணவர் பெயரைச் சபையில் சொல்ல
சட்டத்தில் இடமில்லை.
லைல் காத்திருக்கிறார்,
பிளாஸ்திரி ஓரத்தை நகத்தால் நெருடியபடி.
"மீதிப் பேர்," என்று தொடங்குகிறேன்,
"உள்ளூரில்தான் இருக்கிறார்கள்."

எனக்கு இன்னும் நான்கு நிமிடம்.